தாடைச் சீரமைப்பு ஆபரேஷனுக்கு முன்: பயத்தைப் பிரித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

குடல்வால் வீங்கி வலியில் துடிப்பவருக்கு ஆபரேஷனைப் பற்றி யோசிக்க நேரமிருக்காது. தாடை எலும்பை அறுத்து நகர்த்திச் சரியான இடத்தில் பொருத்தும் தாடைச் சீரமைப்புக்கு வருபவரின் நிலை வேறு. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, தன் காலாலேயே நடந்து வருகிறார். பல்லில் கிளிப் மாட்டி ஒரு வருடம், ஒன்றரை வருடம் காத்திருந்து, நல்ல உடம்போடு தியேட்டருக்குள் போகிறார். அதனால் ஆபரேஷன் பயத்தோடு ஒரு குற்ற உணர்வும் ஒட்டிக்கொள்ளும்: "சும்மா கிடந்த தாடையை நானே போய் அறுத்துக்கொள்கிறேனோ?"

போதாக்குறைக்கு, ஆபரேஷன் தேதி நெருங்கும்போது முகம் முன்பைவிட மோசமாகத் தெரியும். கீழ்த்தாடை முன்னால் நீண்டிருப்பவருக்குப் பல வருடங்களாகக் கீழ்ப்பற்கள் உள்ளே சாய்ந்தும் மேல்பற்கள் வெளியே சாய்ந்தும் அந்தக் குறையைப் பாதி மறைத்திருக்கும். கிளிப் போடும் மருத்துவர் அந்தச் சாய்வை எடுத்து, ஒவ்வொரு பல்லையும் அதனதன் எலும்பின் மேல் நேராக நிறுத்துகிறார். மறைப்பு போனதும் தாடையின் உண்மையான இடைவெளி வெளியே வருகிறது. அறுவை நிபுணருக்கு எலும்பை நகர்த்த அந்த இடைவெளி முழுதாக வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், "கிளிப் போட்டும் கெட்டுப்போச்சு, ஆபரேஷனும் இப்படித்தான் ஆகும்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். பதற்றம் பெரும்பாலும் இங்கேதான் முளைக்கிறது.

கீழே உள்ள படிகளை ஆபரேஷன் தேதி கிடைத்த நாளிலிருந்தே தொடங்கலாம். கூடத் தங்கப்போகும் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: "பயமா இருக்கு" என்பதை உடைத்து எழுதுங்கள்

ஒரு தாளில் ஆறு தலைப்புகளைப் போடுங்கள்: மயக்க மருந்து, மூச்சு, வலி, மரத்துப்போதல், முகத்தோற்றம், வீடும் வேலையும். மனதில் ஓடுவதையெல்லாம் அதனதன் கீழே எழுதுங்கள். அபத்தமாகத் தோன்றுவதையும் விடாதீர்கள். "நடுவில் முழிப்பு வந்தால்?", "வாயைக் கட்டிய பிறகு வாந்தி வந்தால்?", "என் குழந்தை என்னைப் பார்த்துப் பயந்தால்?" எல்லாமே நியாயமான கேள்விகள்தான், அவற்றுக்குப் பதிலும் உண்டு. எழுதி முடித்தால் பெரும்பாலோருக்கு இரண்டு தலைப்பின் கீழே மட்டும் கூட்டம் நெரியும். உங்களை உறுத்துவது அவைதான்.

அளந்து பார்க்க விரும்பினால், மயக்கவியல் துறையில் 1996 முதல் புழங்கும் ஆம்ஸ்டர்டாம் அளவுகோல் இருக்கிறது. ஆறே வாக்கியங்கள்தான். மயக்க மருந்தை நினைத்துக் கவலையாக இருக்கிறது; அதே நினைப்பாகவே இருக்கிறது; அதைப் பற்றி முடிந்தவரை தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இதே மூன்றும் ஆபரேஷனைப் பற்றி இன்னொரு முறை. "இல்லவே இல்லை" என்றால் 1, "மிக அதிகம்" என்றால் 5. கவலை பற்றிய நான்கு வாக்கியங்களையும் கூட்டினால் 4 முதல் 20 வரை வரும். 11 அல்லது அதற்கு மேல் வந்தால் மயக்கவியல் மருத்துவரிடம் அந்த எண்ணையே சொல்லுங்கள். "கொஞ்சம் டென்ஷன்" என்பதைவிட "எனக்கு 16 வந்தது" என்பது அவருக்கு உடனே புரியும்.

தகவல் பற்றிய மீதி இரண்டு வாக்கியங்களில் கூட்டுத்தொகை 2 முதல் 10 வரை வரும். இதைப் பலரும் கவனிக்காமல் விடுவார்கள். எங்கள் பார்வையில் இதுதான் முக்கியமானது. 8 அல்லது அதற்கு மேல் வந்தால் எல்லாம் தெரிந்தால்தான் நிம்மதி அடையும் ஆள் நீங்கள். விவரம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். 4 அல்லது அதற்குக் கீழே என்றால் விவரம் கூடக்கூடப் பயமும் கூடும். அப்படிப்பட்டவர் படி 2-ல் உள்ள எலும்பு விவரத்தை வீட்டில் ஒருவரிடம் படிக்கக் கொடுத்துவிட்டு, தான் செய்ய வேண்டியதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஆபத்துகள் பற்றிய பேச்சை மட்டும் இரு சாராருமே தவிர்க்க முடியாது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள்தான்.

படி 2: உங்கள் ஆபரேஷனை நீங்களே வரைந்து பாருங்கள்

"தாடை ஆபரேஷன்" என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேலைகள் அடங்கும். உங்களுக்கு அதில் எது, எத்தனை மில்லிமீட்டர் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மேல்தாடை: உதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே உள்பக்கமாக வெட்டுவார்கள். மேல்பற்களின் வேர்நுனிக்குச் சில மில்லிமீட்டர் மேலே எலும்பைக் கிடைமட்டமாக அறுத்து, பற்களோடு சேர்ந்த அந்தப் பகுதியைத் தளர்த்தி, புது இடத்தில் வைப்பார்கள். மூக்கின் இரு ஓரத்திலும் கன்ன எலும்பின் அடியிலும் சிறு டைட்டானியம் பிளேட்டுகள், பெரும்பாலும் நான்கு. முகம் அடிபட்டால் எலும்பு எந்தக் கோட்டில் உடைகிறது என்று 1901-ல் விவரித்த பிரெஞ்சு மருத்துவர் லெ ஃபோர்ட்டின் பெயரே இந்த வெட்டுக்கும் நிலைத்துவிட்டது. உங்கள் கோப்பில் "லெ ஃபோர்ட் 1" என்று இருந்தால் இதைத்தான் குறிக்கிறது. ஏதோ புது நோயின் பெயர் என்று பதற வேண்டாம்.

கீழ்த்தாடை: கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால், இரு பக்கமும், எலும்பை நீளவாக்கில் இரண்டு பலகைகளாகப் பிளப்பார்கள். மூடிய தீப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிக்கூடு இருந்த இடத்தில் இருக்க, உள்ளே இருக்கும் தட்டு முன்னும் பின்னும் சறுக்குகிறது. கூடும் தட்டும் விலகாமல் ஒன்றன்மேல் ஒன்று படிந்தே இருப்பதால் எலும்பு சேர நிறைய இடம் கிடைக்கிறது. டிரௌனரும் ஓப்வெகெஸரும் 1957-ல் வெளியிட்ட இந்த முறை, பின்னர் பல திருத்தங்களோடு, இன்றும் நடைமுறையில் இருப்பதற்கு இந்த வசதிதான் காரணம். சிக்கலும் இங்கேதான்: கீழுதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி தரும் நரம்பு அந்த எலும்புக்குள்ளேயே ஓடுகிறது.

தாடைமுனை: சிலருக்கு மட்டும். முன்பற்களின் வேருக்குக் கீழே ஒரு துண்டை அறுத்து முன்னாலோ பின்னாலோ நகர்த்துவார்கள்.

தாளில் முகத்தின் பக்கவாட்டுப் படம் ஒன்றைக் கிறுக்கி, உங்களுக்குரிய கோடுகளைப் போட்டு, "மேல்தாடை 4 மி.மீ. முன்னால், கீழ்த்தாடை 5 மி.மீ. பின்னால்" என்பது போல அம்புக்குறி இடுங்கள். "முகத்தை உடைப்பார்கள்" என்று மனதில் பூதமாக நின்றது, தாளில் ஐந்து மில்லிமீட்டர் ஆகிவிடும். ஐந்து மில்லிமீட்டர் எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம், ஒரு ஸ்கேலை எடுத்துப் பாருங்கள்.

வெட்டுகள் எல்லாம் வாய்க்குள்ளேதான். கீழ்த்தாடையில் ஸ்க்ரூ போடச் சில சமயம் கன்னத்தில் ஒரு சிறு துளை தேவைப்படும். பிளேட்டுகளைப் பொதுவாக எடுக்க மாட்டார்கள். தளர்ந்தாலோ சீழ் பிடித்தாலோதான் எடுப்பார்கள். டைட்டானியம் காந்தத்தில் ஒட்டாது என்பதால் பிற்பாடு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க அது தடையாக இருப்பதில்லை. எடுக்கும்போது பிளேட் இருப்பதைச் சொன்னால் போதும்.

கீழ்த்தாடையில் ஞானப்பல் புதைந்திருந்தால் அது பிளக்கும் கோட்டிலேயே இருக்கும். சில நிபுணர்கள் அதை ஆறு மாதம் முன்பே பிடுங்கிவிட்டு எலும்பு நிறையக் காத்திருப்பார்கள். சிலர் ஆபரேஷனின்போதே எடுப்பார்கள். எது உங்களுக்கு என்பதை இப்போதே கேளுங்கள். கடைசி மாதத்தில் தெரியவந்தால் தேதியே தள்ளிப்போகலாம்.

படி 3: கலந்தாலோசனைக்குப் போகும் முறை

மருத்துவர் சொன்னதில் பெரும்பகுதி அறையைவிட்டு வெளியே வரும்போதே மறந்துபோகும். பதற்றம் கூடினால் மறதியும் கூடும். ஆகவே இருவராகப் போங்கள். ஒருவர் கேட்க, மற்றவர் எழுத. அனுமதி கேட்டு போனில் பதிவும் செய்துகொள்ளலாம். அளவு எடுக்கும் நாளிலோ, ஆபரேஷன் அன்று காலையிலோ இந்தப் பேச்சை வைத்துக்கொள்ளாதீர்கள். படிவத்தை முன்கூட்டியே வாங்கி வீட்டில் படித்துவிட்டு, இன்னொரு நாள் போய்க் கையெழுத்துப் போடுவதே சரி.

விட்டுவிடக் கூடாத கேள்விகள் இவை:

- இந்த ஆபரேஷன் எனக்கு எதைச் சரிசெய்யும்? கடி (மேல்பற்களும் கீழ்ப்பற்களும் பொருந்தும் விதம்), மெல்லுதல், பேச்சு, மூச்சு, தோற்றம் இவற்றில் எது நிச்சயம், எது இருக்கலாம்?
- செய்யாமல் விட்டால் பத்து வருடத்தில் என்ன ஆகும்? கிளிப் மட்டும் போட்டுச் சமாளிக்க முடியுமா?
- என் வயதுக்கும் என் தாடைக்கும் மரத்துப்போதல் நிலைத்துவிடும் வாய்ப்பு எப்படி?
- விழித்ததும் தாடை கம்பியால் கட்டியிருக்குமா, ரப்பர் பேண்ட் மட்டுமா? எத்தனை வாரம்?
- எலும்பு பிளப்பது சரியாக வராவிட்டால் என்ன செய்வீர்கள்?
- வீட்டுக்குப் போன பிறகு ராத்திரி இரண்டு மணிக்குப் பிரச்சினை என்றால் எந்த எண்ணை அழைப்பது?

ஐந்தாவது கேள்வி பலருக்கு வாயில் வராது. கேட்டுவிடுங்கள். நினைத்த கோட்டில் பிளக்காமல் எலும்பு வேறு பக்கம் உடைவது எப்போதாவது நடக்கும். கூடுதல் பிளேட் போட்டுத் திருத்துவார்கள், சிலருக்குச் சில வாரம் தாடையைக் கட்டிவைக்க நேரும். இதை முன்பே அறிந்தவர், விழித்ததும் "உங்களுக்குக் கொஞ்ச நாள் கட்டுப் போட்டிருக்கிறோம்" என்று கேட்டால் இடிந்துபோக மாட்டார்.

பேச்சு முடிந்ததும் மருத்துவரிடம் சொல்லுங்கள்: "நான் புரிந்துகொண்டதை ஒருமுறை சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள்." தலையாட்டுவது புரிதலுக்கு அத்தாட்சி ஆகாது, திருப்பிச் சொல்லும்போதுதான் ஓட்டைகள் தெரியும். மரத்துப்போதலையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் இப்படிச் சொல்கிறார்: "நரம்பு அடிபட்டால் வாய் கோணிப்போகும்." இது தவறு. வாயை அசைப்பது முக நரம்பு. அது வேறு வழியில் ஓடுகிறது, அதற்குச் சேதம் வருவது மிக அபூர்வம். கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடுவது உணர்ச்சி நரம்பு. அது நசுங்கினால் உதடு மரத்திருக்கும், ஆனால் அசையும், சிரிப்பு கோணாது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு இருக்குமே, அதே திண்ணென்ற உணர்வு. தண்ணீர் குடித்தால் தாடையில் வழிவது தெரியாது.

சரியாகப் புரிந்தவர் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "ஆபரேஷன் ஆனதும் கீழுதடும் தாடையும் மரத்திருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் திரும்பும், ஒரு வருடம்கூட ஆகலாம். திரும்பும்போது ஊசி குத்துவது போலவும் எறும்பு ஊர்வது போலவும் இருக்கும். கொஞ்சம் மரத்த இடம் நிரந்தரமாகவே தங்கலாம். வயது கூடினால் அந்த வாய்ப்பும் கூடும். அது எனக்குச் சம்மதமா என்று யோசித்துவிட்டேன்." கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் பேச்சு இன்னும் முடியவில்லை. ஊதும் வாத்தியக் கலைஞர், பாடகர், நாள் முழுக்கப் பேசும் வேலை செய்பவர் போன்றோர் தங்கள் தொழிலைச் சொல்லி இதை நிதானமாகப் பேச வேண்டும்.

படி 4: கண்ணாடியில் யாரைப் பார்க்கப் போகிறீர்கள்?

கணினித் திட்டமிடலில் எலும்பின் நகர்வு மில்லிமீட்டர் கணக்கில் துல்லியமாக வரும். அதன் மேல் போர்த்தியிருக்கும் உதடும் மூக்கும் கன்னமும் எப்படிப் படியும் என்பது அந்த அளவு துல்லியமாக வராது. திரையில் காட்டும் முகத்தை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாமல் மதிப்பீடாகப் பாருங்கள். மேல்தாடையை முன்னால் தள்ளினால் மூக்கின் அடி சற்று அகலும். அதைக் கட்டுப்படுத்த உள்ளே ஒரு தையல் போடுவதுண்டு. உங்களுக்குப் போடுவார்களா என்று கேளுங்கள்.

நம் முகத்தை நாம் நேரிலிருந்துதான் பார்க்கிறோம். மற்றவர்கள் பக்கவாட்டிலும் பார்க்கிறார்கள். நேர், இரு பக்கவாட்டு, சிரிப்பு என நான்கு படங்களை இப்போதே எடுத்துவையுங்கள். ஆறு மாதம் கழித்து "ஒண்ணும் மாறலையே" என்று மனம் முரண்டு பிடிக்கும்போது உதவும்.

இன்னொரு பயிற்சி கொஞ்சம் கூர்மையானது. "இந்த ஆபரேஷன் நடந்தால் என் வாழ்க்கையில் மாறுவது…" என்று தொடங்கி ஐந்து வாக்கியம் எழுதுங்கள். முன்பல்லால் கடிக்க முடியும், உதடு ஒட்டி மூடும் என்று வந்தால் எலும்பு நகர்ந்தாலே கிடைக்கும். திருமணம் கூடிவரும், விலகிப்போனவர் திரும்பி வருவார் என்று வந்தால், அந்தக் கணக்கை ஆபரேஷனின் தலையில் ஏற்றுகிறீர்கள். அதேபோல், பிறர் கண்ணுக்கே தெரியாத ஒரு குறையை நினைத்து நாளில் மணிக்கணக்காகக் கண்ணாடி முன் நிற்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஆபரேஷன் நன்றாக முடிந்தாலும் நிம்மதி வருவதில்லை; முதலில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். நல்ல குழு இதைக் கேட்காமல் தேதி கொடுக்காது. கேட்டால் கோபப்படாதீர்கள்.

படி 5: மயக்க மருந்தும் மூச்சும்

கடியைச் சரிபார்க்கப் பற்களை அவ்வப்போது சேர்த்துப் பார்க்க வேண்டும், அதனால் மூச்சுக்குழாயை வாய் வழியாக வைக்க முடியாது. நீங்கள் தூங்கிய பிறகு மூக்கு வழியாக வைப்பார்கள். விழித்ததும் தொண்டை கரகரப்பதும், மூக்கு அடைப்பதும், அதிலிருந்து ரத்தம் கலந்த சளி வருவதும் இதனால்தான். ஒரு தாடை என்றால் பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள். இரண்டும் என்றால் மூன்று முதல் ஐந்து மணி நேரம். வெளியே காத்திருப்பவரிடம் இந்தக் கணக்கோடு தயாராகும் நேரத்தையும் தெளியும் நேரத்தையும் கூட்டிச் சொல்லுங்கள். "ரெண்டு மணி நேரம்னாங்க, இன்னும் வரலையே" என்று அவர் தவிப்பது குறையும்.

வாயைக் கட்டியிருக்கும்போது வாந்தி வந்தால் மூச்சடைத்துப்போகும் என்ற பயம்தான் எங்கள் அனுபவத்தில் முதலிடம். வயிறு காலியாக இருப்பதால் வருவது விழுங்கிய ரத்தமும் நீரும்தான். அது பல் இடுக்கு வழியாகவும், கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் உள்ள சந்து வழியாகவும், மூக்கு வழியாகவும் வெளியேறும். உட்கார்ந்து முன்னால் குனிய வேண்டும், அவ்வளவுதான். பிளேட் வந்த பிறகு கம்பியால் இறுகக் கட்டுவது பெரிதும் குறைந்துவிட்டது. பல இடங்களில் சில ரப்பர் பேண்டுகள் மட்டும்தான். ரப்பர் என்றால் சிறு கத்தரிக்கோல், கம்பி என்றால் கம்பி வெட்டி படுக்கையருகே இருக்க வேண்டும். எந்த இடத்தில் வெட்டுவது என்று கூட இருப்பவருக்கு நர்ஸ் காட்டித்தர வேண்டும். காட்டாவிட்டால் கேளுங்கள்.

வாந்தியைத் தடுக்க மருந்து உண்டு. பெண்கள், புகைபிடிக்காதவர்கள், பேருந்துப் பயணத்தில் குமட்டுபவர்கள் அல்லது முன்பு மயக்க மருந்துக்குப் பிறகு வாந்தி எடுத்தவர்கள், ஆபரேஷனுக்குப் பின் மார்ஃபின் வகை மருந்து தேவைப்படுபவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். இந்த நான்கில் எத்தனை உங்களுக்குப் பொருந்துகிறதென்று மயக்கவியல் மருத்துவரிடம் சொன்னால் அதற்கேற்ப மருந்தைக் கூட்டுவார். நெஞ்செரிச்சல், குறட்டையோடு மூச்சு நின்று போதல், ஆடும் பல், குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது இவற்றையும் மறைக்காதீர்கள்.

படி 6: வீட்டில் ஒத்திகை

இரண்டு வாரம் முன்பிருந்து, தினமும் பத்துப் பதினைந்து நிமிடம்.

முதலில் மூச்சு. பற்களை லேசாகச் சேர்த்து, உதட்டை மூடி, மூக்கால் மட்டும்: நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. முதல் நாள் இரண்டு நிமிடம், பிறகு ஐந்து. அடுத்த கட்டமாக ஒரு நாசியை மட்டும் விரலால் அழுத்திக்கொண்டு செய்யுங்கள். அடைத்த மூக்கோடு விழிக்கும்போது உடம்புக்கு இது பழகிய விஷயமாக இருக்கும். பற்கள் சேர்ந்திருந்தாலும் இடுக்கு வழியாகக் காற்றை இழுக்க முடியும் என்பதையும் இப்போதே செய்து பாருங்கள். நெஞ்சு படபடத்தால் நிறுத்திவிட்டு மறுநாள் ஒரு நிமிடம் குறைவாகத் தொடங்குங்கள்.

அடுத்தது குடிப்பது. ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சின் முனையில் மெல்லிய ரப்பர் குழாய் மாட்டி, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி விழுங்கிப் பழகுங்கள். ஒரு நாள் முழுக்க நீர் ஆகாரம் மட்டும் எடுத்துப் பார்த்தால், ஒரு வேளைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, எது தொண்டையில் நிற்கிறது, எவ்வளவு சீக்கிரம் பசிக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். மூன்று வேளைக்குப் பதில் ஆறு வேளையாகப் பிரிக்க வேண்டியிருக்கும். முதல் வாரங்களில் சில கிலோ எடை இறங்குவது சகஜம்.

தலைப்பக்கம் சுமார் 30 டிகிரி உயர்த்தி மல்லாந்து தூங்கிப் பழகுங்கள். "வலி", "குமட்டல்", "சக்‌ஷன் வேண்டும்" (வாயில் சேரும் நீரை உறிஞ்சி எடுப்பது), "தலையணையை உயர்த்து", "பாத்ரூம்" என்று பெரிய எழுத்தில் ஒரு அட்டை தயார் செய்யுங்கள். முதல் நாள் பேச்சு எடுபடாது. போனில் டைப் செய்யவும் கை சோரும்.

ஊசியைக் கண்டாலே மயக்கம் வருபவருக்கு ஆழ்ந்த மூச்சு பலிக்காது. ரத்த அழுத்தம் இறங்குவதுதான் அங்கே சிக்கல். கை, கால், வயிற்றுத் தசைகளை முகம் சூடேறும் வரை 10–15 விநாடி இறுக்கி, 20–30 விநாடி தளர்த்தி, ஐந்து முறை செய்யுங்கள். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக விடுங்கள்.

இணையக் காணொளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. படுமோசமாகப் போனவர்களும் பிரமாதமாகப் போனவர்களும்தான் பதிவிடுவார்கள். சாதாரணமாகத் தேறியவர் வேலைக்குப் போய்விடுவார். பகலில், ஒரே ஒருவரின் நாள்வாரிப் பதிவைத் தொடக்கம் முதல் ஆறாம் மாதம் வரை முழுதாகப் பாருங்கள். மூன்றாம் நாளோடு நிறுத்துவதுதான் தூக்கத்தைக் கெடுக்கும்.

படி 7: நாள் நெருங்கும்போது

புகைபிடிப்பவர் குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம் முன்பே நிறுத்த வேண்டும்; காயமும் எலும்பும் ஆறத் தாமதமாவதற்குப் புகை ஒரு பெரிய காரணம். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, கருத்தடை மாத்திரை, மூலிகை, மீனெண்ணெய் எல்லாவற்றையும் பட்டியலிட்டுக் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். சளி, காய்ச்சல், வாய்ப்புண் வந்தால் உடனே சொல்லுங்கள். தள்ளிப்போனால் நஷ்டம் சில வாரம்தான். நகப்பூச்சை அழியுங்கள். மூக்குத்தியைக் கட்டாயம் கழற்றுங்கள், குழாய் போகும் வழி அது. திட உணவும் பாலும் ஆறு மணி நேரம் முன்பு வரை, வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை என்பது பொதுவான கணக்கு. உங்கள் மருத்துவமனை வேறு நேரம் கொடுத்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின இரவு தூக்கம் வராது என்ற பயமே தூக்கத்தைக் கெடுக்கும். ஒரு இரவு தூங்காததால் ஆபரேஷன் பாதிக்காது. படபடப்பு அதிகமென்றால் அமைதிப்படுத்தும் மாத்திரை உண்டா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளலாம். வீட்டில் இருப்பதை எடுத்துப் போட்டுக்கொள்வது மட்டும் கூடாது.

படி 8: முதல் 72 மணி நேரமும் அதன் பிறகும்

விழிக்கும்போது நடுக்கம், குளிர், வாயில் ரத்த ருசி இருக்கும். கையில் டிரிப்ஸ், ஒருவேளை சிறுநீர்க் குழாய். பலர் எதிர்பார்த்ததைவிட வலி குறைவாகவே இருக்கும், ஏனென்றால் பாதி முகம் மரத்திருக்கிறது. தொல்லை கொடுப்பது இறுக்கமும், மூக்கடைப்பும், எச்சில் விழுங்க முடியாததும்தான்.

முதல் நாள் கண்ணாடியைப் பார்த்து "பரவாயில்லையே" என்பார்கள். வீக்கம் உச்சத்துக்குப் போவது இரண்டாம், மூன்றாம் நாளில். இந்தக் கணக்கு தெரியாதவர் மூன்றாம் நாள் காலையில், "ஏதோ தப்பாகிவிட்டது" என்று பதறிப்போவார். கண் சுருங்கி, கன்னம் பூரித்து, முகம் சதுரமாகும்; கன்றிய நிறம் மஞ்சளாகிக் கழுத்துக்கும் மார்புக்கும் இறங்கும். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பகுதி வடியும், கடைசி மிச்சம் போக ஆறு மாதம் முதல் ஒரு வருடம். புது முகத்துக்கான தீர்ப்பை அதற்கு முன் எழுதாதீர்கள். சிறு குழந்தைகள் இருந்தால், "அம்மா முகம் பலூன் மாதிரி இருக்கும், அப்புறம் சரியாயிடும்" என்று முன்பே சொல்லி வையுங்கள்.

முதல் வாரக் கடைசியிலிருந்து மூன்றாம் வாரம் வரை காரணமில்லாமல் அழுகை வரலாம். பசி, தூக்கமின்மை, பேச முடியாத எரிச்சல், வீக்கத்துக்குக் கொடுத்த ஸ்டீராய்டு மருந்து நின்றது என எல்லாம் சேர்ந்து அடிக்கும். "ஏன்டா இதைச் செய்தோம்" என்று தோன்றும் நாட்கள் இவை. இதையும் நாள்காட்டியில் இப்போதே குறித்து வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மெல்லாத உணவு ஏறக்குறைய ஆறு வாரம். மேல்தாடை செய்தவர் சில வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்தபடி தும்ம வேண்டும். பிறகு கிளிப் வேலை இன்னும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் தொடரும். ஆபரேஷனோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தவர்களுக்கு இதுவும் ஏமாற்றம்தான்.

நிற்காத புது ரத்தம், மூச்சுத் திணறல், திடீரென்று மாறிய கடி, காய்ச்சல், ஒரு வாரத்துக்குப் பிறகு மீண்டும் ஏறும் வீக்கம், ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும்: இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. ரப்பர் பேண்ட் அறுந்தால் ஓட வேண்டியதில்லை, காலையில் அழைத்தால் போதும்.

கூட இருப்பவருக்கு

"ஒண்ணும் ஆகாது, தைரியமா இரு" என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பயந்தவர் வாயை மூடிக்கொள்வார். "எதை நினைச்சா ரொம்பப் பயமா இருக்கு?" என்று கேளுங்கள். பதில் வந்ததும் ஆறுதல் சொல்ல அவசரப்படாமல், படி 1-ன் தாளில் எழுதி, "டாக்டர்கிட்ட நான் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். வீக்கத்தோடு படுத்திருப்பவரிடம் "எப்படி இருந்த முகம்" என்று வந்து நிற்கும் உறவினரை வாசலிலேயே நிறுத்துவதும் உங்கள் வேலைதான்.

தள்ளிப்போடவும் உரிமை உண்டு. இது அவசர ஆபரேஷன் இல்லை. சக்கர நாற்காலியில் ஏறிய பிறகும் "இன்னும் எனக்குப் புரியவில்லை" என்று சொல்லலாம். அப்படிச் சொல்ல நேர்ந்தால் எதைப் பற்றி என்பது தெளிவாக இருக்க, படி 1-ல் எழுதிய தாளையும் படி 2-ல் வரைந்த படத்தையும் கோப்பின் முதல் பக்கத்தில் செருகி, அனுமதியாகும் நாளில் வார்டு நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள்.